ஒரே ஒரு க்ரைட்டீரியா

சென்ற ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஹவுசிங் சொசைட்டி மீட்டிங்கில் நான் ஒரு 'யா'வுக்காகச் சண்டை போட்டேன்.

தண்ணீருக்காக இல்லை. பார்க்கிங்குக்காக இல்லை. லிஃப்டின் மூலையில் யாரோ துப்பிவிட்டுப் போன பானுக்காகவும் இல்லை. ஒரு ஆங்கில வார்த்தையின் வாலில் 'யா' வர வேண்டுமா, 'யன்' வர வேண்டுமா... அதற்காக.

இதற்கெல்லாமா ஒரு பொம்பளை சண்டை போடுவாள் என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. என் வீட்டுக்காரர் சேகரும் அதையேதான் கேட்டார். மீட்டிங் முடிந்து மாடி ஏறும்போது கேட்டார். சாப்பிடும்போது கேட்டார். ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் இன்னொரு தடவை கேட்டார்.

என் வியாதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மும்பை ஃபோர்ட்டில் ஒரு விளம்பரக் கம்பெனியில் ப்ரூஃப் ரீடராகக் காலம் தள்ளியவள் நான். பிழையைப் பார்த்தால் கை துறுதுறுக்கும். ஓட்டல் மெனு கார்டைத் திருத்தி, சர்வரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். கல்யாணப் பத்திரிகையைத் திருத்தி, சொந்தத்தில் ஒரு பக்கமே என்னோடு பேசுவதில்லை. ரிட்டயர் ஆனபோது கம்பெனி சிவப்புப் பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டது. வியாதியை என்னிடமே விட்டுவிட்டது.

அதிலும் ஆங்கிலத்தில் ஒரு தினுசான பன்மை இருக்கிறது பாருங்கள், அதைக் கண்டால் எனக்கு இன்னும் கொஞ்சம் அதிகமாகத் துறுதுறுக்கும்.

சாதாரணப் பன்மைக்கு வாலில் ஒரு 'எஸ்' இருக்கும். பார்த்த உடனே தெரிந்துவிடும். இவை அப்படி இல்லை. ஒன்று என்றால் க்ரைட்டீரியன், பல என்றால் க்ரைட்டீரியா. ஒன்று என்றால் பாக்டீரியம், பல என்றால் பாக்டீரியா. ஒருவர் என்றால் அலும்னஸ், பலர் என்றால் அலும்னி. யூனிஃபார்ம் போடாமல் கூட்டத்தில் நிற்கும் போலீஸ்காரர் மாதிரி, வாலில் எஸ் இல்லாமல் நிற்கின்றன. யாருக்கும் சந்தேகமே வருவதில்லை.

மாட்டுங்காவில் ஒரு ரிசப்ஷன். பக்கத்து நாற்காலிக்காரர் தன் காலேஜ் பெயரைச் சொல்லி, "ஐ ஆம் ஆன் அலும்னி" என்றார். ஒற்றை ஆள். ஒரு தட்டு. ஒரு பாதாம் அல்வா. இவர் எப்படிப் பலர் ஆனார்? நான் வாயைத் திறப்பதற்குள் சேகர் என் தட்டில் ஒரு வடையைப் போட்டார். அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அது.

இன்னொன்று கேளுங்கள். காட்கோபரில் இருக்கும் என் நாத்தனார் ஒரு நாள் மெசேஜ் அனுப்பினாள் - 'டீத் ரிமூவ்ட், ஆல் ஓகே.' டீத் என்றால் பன்மை அல்லவா? ஐயோ பாவம், இந்த வயதிலேயே மொத்தமும் போச்சா என்று பதறி, கஞ்சி காய்ச்சி ஃபிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு, செம்பூரிலிருந்து ஆட்டோ பிடித்து ஓடினோம். கதவைத் திறந்த நாத்தனார் ஒரு பக்கத்துக் கடைவாயில் முறுக்கை நொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"டாக்டர் ஒரே ஒரு டீத்துதான் எடுத்தார் மன்னி. எதுக்குக் கஞ்சியெல்லாம்?"

"அப்போ டூத்னு அனுப்ப வேண்டியதுதானே?"

"டூத்துன்னா பேஸ்ட் இல்லையோ?" என்றாள் அவள்.

சரி, நம் ஆட்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள்? ஆங்கிலம் தெரியாததாலா? இல்லை. தமிழ் தெரிந்ததால் என்றுதான் நான் சொல்வேன்.

நமக்குப் பன்மை என்பது சட்டைப் பையில் இருக்கும் கைக்குட்டை மாதிரி. தேவைப்பட்டால் எடுப்போம். மாட்டுங்கா ஓட்டலில் போய் "இரண்டு இட்லிகள் கொடுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். சர்வர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். ரெண்டு இட்லி, நாலு ஆள், பத்து வீடு - எண்ணைச் சொன்ன பிறகு 'கள்' எதற்கு?

ஆனால் வேண்டாத இடத்தில் நாம் பன்மையை அள்ளிக் கொட்டுவோம். ஒரே அப்பா, ஆனால் 'வந்தார்கள்'. ஒரே டீச்சர், ஆனால் 'சொன்னாங்க'. நமக்குப் பன்மை என்றால் எண்ணிக்கை அல்ல, மரியாதை.

அதனால்தான் 'ஒரு லேடீஸ்'. யோசித்துப் பாருங்கள். "ஒரு லேடி வந்தா" என்றால் கொஞ்சம் அலட்சியமாக ஒலிக்கிறதா இல்லையா? "ஒரு லேடீஸ் வந்தாங்க" என்றால்? வந்தவருக்கு நாற்காலி போட்ட மாதிரி இருக்கிறது. இலக்கணம் தப்பு. மரியாதை சரி.

இந்த லேடீஸ் விஷயத்தில் எனக்கும் எங்கள் சொசைட்டி செக்ரட்டரி ராமநாதன் சாருக்கும் ரொம்ப நாளாக ஒரு பனிப்போர் நடக்கிறது. "மாமி, உங்களைப் பாக்க ஒரு லேடீஸ் வந்திருக்கா" என்பார். "ஒரு லேடி" என்பேன். தலையை ஆட்டுவார். அடுத்த தடவையும் லேடீஸ்தான் வரும்.

ராமநாதன் சாரைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். காலையில் எல்லோரும் தூங்கும்போது எழுந்து பம்ப் ஓடுகிறதா என்று பார்ப்பவர் அவர்தான். ஒரு மழைக்காலத்தில் சேகருக்கு மூச்சு முட்டியபோது, முட்டளவு தண்ணீரில் நடந்து போய் டாக்ஸி பிடித்து வந்தவரும் அவர்தான். அவரைக் கெட்டவர் என்று எழுத எனக்குக் கை வராது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எங்கள் மாடிக்கு மேல் மாடியில் குல்கர்னியின் ஃபிளாட். பிள்ளையோடு தாணேக்குப் போய்விட்டார். சாவியை என்னிடம் கொடுத்து, வாடகைக்கு நல்ல மனுஷர்களாகப் பார்க்கச் சொன்னார். நல்ல மனுஷர்கள் என்றதும் எனக்கு முதலில் தோன்றியவர் சுலைமான் பாய்.

சுலைமான் பாய்க்குத் தாராவியில் தோல் பை பட்டறை. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். என் கைப்பை, சேகரின் பெல்ட், நாத்தனார் பெண்ணின் காலேஜ் பை எல்லாம் அங்கே தைத்ததுதான். பட்டறைக்கு மேலேயே அவர்கள் குடியிருந்தார்கள். மேலே போக ஒரு இரும்பு ஏணி. ஏணி என்றால் ஏணிதான், கிட்டத்தட்டச் செங்குத்தாக நிற்கும்.

அவருடைய ஆங்கிலத்தையும் நான் ஒரு முறை திருத்தப் பார்த்தேன். தோலைச் சதுர அடிக் கணக்கில்தான் வாங்குவார்கள். "இந்தப் பைக்கு ஒரு ஃபீட் தோல் போதும்க்கா" என்றார்.

"ஒண்ணுன்னா ஃபுட் பாய். ரெண்டுன்னாத்தான் ஃபீட்" என்றேன்.

அவர் கத்தரியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஃபுட்டுன்னா சாப்பாடுல்லா? தோல எப்பிடிக்கா திங்க முடியும்?"

பட்டறையே சிரித்தது. நானும்தான்.

அந்த வீட்டு ஏணியிலிருந்து அவர் மனைவி ஜமீலா போன மழைக்காலத்தில் வழுக்கி விழுந்துவிட்டார். முட்டியில் ஆபரேஷன். இனி ஏணி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல், அந்த மனுஷி மாதக்கணக்கில் மேலேயே கிடந்தார். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் பட்டறை ஆட்கள் நாற்காலியோடு கயிறு கட்டி இறக்குவார்கள். அதில் இறங்கும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாராம். அதனால் பாய் லிஃப்ட் இருக்கும் கட்டடத்தில் ஒரு வீடு தேடிக்கொண்டிருந்தார்.

குல்கர்னி ஃபிளாட்டைக் காட்ட அழைத்து வந்தேன். ஜமீலா வீட்டைப் பார்த்ததைவிட லிஃப்டைத்தான் அதிகம் பார்த்தார். பட்டனை அழுத்தினார், கதவு திறந்தது. மறுபடி அழுத்தினார்.

"கரண்டு போனாலும் ஓடுமா யக்கா?"

"ஜெனரேட்டர் இருக்கு ஜமீலா. ஓடும்."

அவர் லிஃப்டின் சுவரை உள்ளங்கையால் ஒரு தடவை தடவினார். நான் என்னவோ ஜன்னல் பக்கம் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

குல்கர்னிக்குப் போனிலேயே சம்மதம். "உங்களுக்குத் தெரிந்தவர் என்றால் போதும்" என்றுவிட்டார். ஆனால் எங்கள் சொசைட்டியில் புதிதாக யார் வந்தாலும் கமிட்டி ஒரு முறை பார்த்துப் பேச வேண்டும். ஒரு சாயங்காலம் கீழே இருக்கும் சொசைட்டி ஆபீசுக்கு பாயை அழைத்துப் போனேன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. பாக்கெட்டில் பேனா. இன்டர்வியூவுக்கு வந்தவர் மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

ராமநாதன் சார் டீ வரவழைத்தார். ஊர் எது, தொழில் எப்படி என்றெல்லாம் நன்றாகவே விசாரித்தார். பிறகு கமிட்டிக்காரர்கள் எல்லோருக்கும் புரியட்டும் என்று ஆங்கிலத்துக்கு மாறினார்.

"மிஸ்டர் சுலைமான், வீ ஹேவ் ஒன்லி ஒன் க்ரைட்டீரியா. ஃபேமிலி. நோ பேச்சலர்ஸ்."

என் வாய் தானாகத் திறந்தது. ஒன் க்ரைட்டீரியன் சார்... என்று சொல்லப் போனேன். இன்றைக்கு வேண்டாம் வசந்தா, இன்றைக்கு ஒரு நாள் அடக்கிக்கொள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, டீயை விழுங்கினேன். நாக்கு பொத்துப் போனது.

"ஃபேமிலிதான் சார்" என்றார் பாய். "நானு, வீட்டுக்காரி, காலேஜ் போற மக. வேற யாரும் கெடையாது."

"அப்போ ஒரு ப்ராப்ளமும் இல்லே. கமிட்டில பேசிட்டுச் சொல்றோம்" என்று ராமநாதன் சார் கைகுலுக்கினார்.

வெளியே வந்ததும் பாய் கேட்டார். "அவ்வளவுதானாக்கா?"

"அவ்வளவுதான் பாய். சாமானைக் கட்டச் சொல்லுங்கோ."

சொன்னேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

இரண்டு நாள் கழித்து ராமநாதன் சாரிடமிருந்து குல்கர்னிக்கு ஒரு மெசேஜ். எனக்கும் ஒரு நகல். சுற்றி வளைக்காமல் ஒரே வரி. வருந்துகிறோம், நீங்கள் சொன்ன பார்ட்டி எங்கள் சொசைட்டியின் க்ரைட்டீரியாவில் வரவில்லை.

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. க்ரைட்டீரியா ஒன்றே ஒன்றுதானே? ஃபேமிலி. அவர் ஃபேமிலிதானே? கணவன், மனைவி, மகள் - இதைவிட ஃபேமிலியாக யாரால் இருக்க முடியும்?

பிறகு புரிந்தது. புரிந்ததும் கோபம் வந்தது. கோபத்துக்குப் பின்னாலேயே வெட்கமும் வந்தது. அந்த மனுஷரிடம் சாமானைக் கட்டச் சொன்னது நான்தானே.

பாய்க்குப் போன் செய்தேன். பின்னால் தையல் மெஷின் சத்தம். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "பாய், அது வந்து... அவங்க ஏதோ க்ரைட்டீரியான்னு சொல்றாங்க" என்றேன்.

மெஷின் நின்றது.

"அந்த வார்த்தை எனக்கு நல்லாத் தெரியும்க்கா" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னை என்னவோ செய்தது. "காட்கோபர்ல ஒரு வீடு பாத்தோம்லா, அங்கயும் இதத்தான் சொன்னாவ. அதுக்கு முன்ன ஒரு எடத்துலயும் இதேதான். க்ரைட்டீரியான்னா வீடு கெடையாதுன்னு அர்த்தம். நீங்க ஒண்ணும் மனசுல வச்சிக்கிடாதீங்க."

நான் அகராதிகளோடு குடித்தனம் நடத்தியவள். எந்த அகராதியிலும் இந்த அர்த்தம் போட்டிருக்கவில்லை.

"ஜமீலா என்ன சொல்றா?"

"அவகிட்ட இன்னும் சொல்லல. லிஃப்ட்டு ரிப்பேருன்னு சொல்லி வச்சிருக்கேன்" என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் சேகரிடம் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்கில் இதைக் கேட்கப் போகிறேன் என்று.

"என்னன்னு கேப்பே? நேராக் கேட்டா யாரும் நேரா பதில் சொல்ல மாட்டா வசு. ரூல்ஸ், மெயின்டனன்ஸ், கார் பார்க்கிங்னு சுத்தி வளைப்பா."

"தெரியும். அதனால நேராக் கேக்கப் போறதில்லே. இலக்கணம் கேக்கப் போறேன்."

சேகர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். "வடை எடுத்துண்டு வரட்டுமா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை. பிளாஸ்டிக் நாற்காலிகள், கடகடவென்று ஒரு ஃபேன், தட்டில் க்ரீம் பிஸ்கட். சேர்மன் வழக்கம்போல் கண்ணை மூடி ஆலோசித்துக்கொண்டிருந்தார். இரண்டாவது மாடி மிஸஸ் சாவந்த் ட்ரெஷரர், மினிட்ஸ் எழுதுவதும் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை என்றால் அவர் வீட்டில் பொம்பில் மீன் வறுக்கும் வாசனை ஆறு மாடிக்கும் வரும். அது பழகிப் போய், வாசனை வந்தால்தான் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றே தோன்றும்.

குல்கர்னி ஃபிளாட் விஷயம் வந்தது. நான் எழுந்தேன்.

"செக்ரட்டரி சார், இங்கிலீஷில் ஒரு சந்தேகம்."

கமிட்டியில் எல்லோர் முகத்திலும் அந்தச் சலிப்பு தெரிந்தது. மாமி ஆரம்பித்துவிட்டாள். ராமநாதன் சாருக்கும் சிரிப்பு. "கேளுங்கோ மாமி."

அதற்குப் பிறகு எல்லாம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

"அன்றைக்கு, எங்களுக்கு ஒரே ஒரு க்ரைட்டீரியாதான் என்றீர்கள். அது ஃபேமிலி. சரிதானே?"

"சரிதான்."

"க்ரைட்டீரியா என்பது பன்மை. ஒன்றே ஒன்று என்றால் க்ரைட்டீரியன் என்று சொல்ல வேண்டும்."

"சரி மேடம், க்ரைட்டீரியன். சந்தோஷமா?" எல்லோரும் சிரித்தார்கள்.

"இல்லை சார். சுலைமான் பாய் ஃபேமிலி. அந்த ஒன்றில் அவர் பாஸ். ஆனாலும் க்ரைட்டீரியாவில் வரவில்லை என்று நீங்கள் எழுத்தில் கொடுத்திருக்கிறீர்கள். அப்படியானால் நீங்கள் சொன்ன பன்மைதான் சரி. ஒன்றுக்கு மேல் இருக்கிறது. முதலாவது ஃபேமிலி. இரண்டாவது எது?"

சிரிப்பு நின்றது.

"ஃபுட் ஹேபிட்ஸ்..." என்று யாரோ பின்னாலிருந்து இழுத்தார்கள்.

மிஸஸ் சாவந்த் மினிட்ஸ் நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார். "ஃபுட் ஹேபிட்ஸுக்கு என்ன?" என்றார். அவர் புடவையிலிருந்து பொம்பில் வாசனை வந்துகொண்டிருந்தது. இழுத்தவர் பாதியிலேயே விட்டுவிட்டார்.

அதுவரை ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்த ராமநாதன் சார், என் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்தி, தமிழுக்கு வந்தார்.

"எல்லாத்தையும் வாயால சொல்லணுமா மாமி? உங்களுக்கே தெரியாதா?"

அந்தத் தமிழ்தான் எனக்குச் சுருக்கென்றது. நீயும் நானும் ஒன்று, நமக்குள் இதெல்லாம் புரிந்துகொள்ள வேண்டாமா என்று கேட்கும் தமிழ். வீட்டுக்காகக் காத்திருக்கும் பாயும் அதே தமிழ்தான் பேசுகிறார் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

நான் ஆங்கிலத்திலேயே, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பதில் சொன்னேன். "ஆமாம் சார், சொல்ல வேண்டும். சொன்னால்தானே மிஸஸ் சாவந்த் மினிட்ஸில் எழுத முடியும்? இரண்டாவது க்ரைட்டீரியன் இன்னது என்று எழுதி, கீழே நீங்கள் கையெழுத்துப் போடுங்கள். நான் உட்கார்ந்துவிடுகிறேன்."

மிஸஸ் சாவந்த் பக்கத்தைத் திருப்பினார். பேனா மூடியைக் கழற்றினார். அவருக்கு உள்ளுக்குள் சிரிப்பாக இருந்ததா, நிஜமாகவே எழுதத்தான் காத்திருந்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"சொல்லுங்கள் செக்ரட்டரிஜி. எத்தனை என்று எழுதட்டும்? ஒன்றா, இரண்டா?"

என்ன ஆச்சரியம் பாருங்கள். எல்லோர் மனதிலும் இருப்பது. எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் ஒரு பேனா அதற்காகக் காத்திருக்கும்போது, எடுத்துக் கொடுக்க ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. சேர்மன்கூடக் கண்ணைத் திறந்துவிட்டார்.

ராமநாதன் சார் ஃபேனைப் பார்த்தார். பிஸ்கட்டைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. அவர் காது சிவந்திருந்தது. எனக்கு அந்த நிமிஷம் அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. முட்டளவு தண்ணீரில் டாக்ஸி தேடி நடந்த அந்த முதுகும் இதே ஆளுடையதுதானே.

"ஒன்" என்றார் கடைசியில்.

"ஒன் வாட்?" என்றார் மிஸஸ் சாவந்த்.

தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஒன்... க்ரைட்டீரியன்."

இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் சரியான ஒருமை அது.

மீட்டிங் முடிந்த கையோடு பாய்க்குப் போன் செய்தேன். கமிட்டி சரி சொல்லிவிட்டது என்றேன்.

"அப்போ அந்த க்ரைட்டீரியா?"

"ஒண்ணைக் கொறச்சுட்டாங்க பாய்."

"அந்த வார்த்தைக்கு இப்பிடியும் ஒரு அர்த்தம் உண்டோ?" என்றார். அப்புறம் அந்தப் பக்கம் திரும்பி, "ஜமீலா, லிஃப்ட்டு சரியாயிட்டாம்" என்று அவர் குரல் கொடுத்தது எனக்குக் கேட்டது.

நான் வெற்றிக் களிப்போடு வீட்டுக்குள் நுழைந்தால், சேகர் போனும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார். முகத்தில் ஒரு விஷமம்.

"வசு, இதைப் பாரேன். க்ரைட்டீரியாவை ஒருமையாவும் நெறையப் பேர் யூஸ் பண்றாளாம். டிக்ஷனரியிலயே போட்டிருக்கான்."

வாங்கிப் பார்த்தேன். போட்டுத்தான் இருக்கிறது. சிலர் ஏற்பதில்லை என்று கூடவே ஒரு குறிப்பும் இருக்கிறது. அந்தச் சிலரில் நான் ஒருத்தி.

"அப்போ நீ போட்ட சண்டையே தப்பா?"

"போனை அணைச்சு வைங்கோ" என்றேன். "ராமநாதன் சார் கண்ணுல பட்டுடப் போறது."

இதை இங்கே எழுதுவதும் ரிஸ்க்தான். ஆனால் நம் சார் தமிழ்ப் பத்திரிகை படிப்பதில்லை என்பது ஒரு ஆறுதல்.

நேற்று அவர்கள் குடிவந்தார்கள். ஒரு டெம்போ நிறையச் சாமான். பட்டறை ஆட்கள் பீரோவையும் கட்டிலையும் இறக்கி, லிஃப்ட் வாசலை அடைத்து வைத்திருந்தார்கள். பாய் டெம்போக்காரரிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். ஜமீலா கைத்தடியோடு ஓரமாக, தான் இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்று சுவரோடு ஒட்டி நின்றிருந்தார். நானும் சேகரும் வரவேற்கலாம் என்று மாடிப்படியில் இறங்கி வந்தோம்.

எங்களுக்கு முன்னால் ராமநாதன் சார் அங்கே நின்றிருந்தார். சாமான் ஏற்றும்போது லிஃப்ட் கதவில் கீறல் விழுகிறதா என்று பார்க்கத்தான் வந்திருப்பார். அவரை எனக்குத் தெரியும். மீட்டிங்குக்குப் பிறகு என்னோடு அவர் பேசவில்லை. அன்றும் என்னைக் கவனிக்கவில்லை. ஜமீலாவைப் பார்த்தார். கைத்தடியைப் பார்த்தார். பீரோவைப் பார்த்தார்.

பிறகு போய் லிஃப்ட் கதவைக் கையால் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, அந்தப் பீரோவைக் கொஞ்சம் அந்தண்டை நகத்துங்கோ" என்றார். "ஒரு லேடீஸ் நின்னுண்டிருக்கா பாருங்கோ. அவா மொதல்ல போகட்டும்."

சேகர் சட்டென்று என் பக்கம் திரும்பினார். நான் என்ன செய்வேன் என்று அவருக்குத் தெரியும்.

சுவரோரம் நின்றது ஒரே ஒருவர்தான். நான் திருத்தவில்லை.